பையர் வரும் நாளில் மட்டும் மரியாதை

கேள்வி: திண்டுக்கல் பக்கம் ஓர் ஏற்றுமதி ஆடைத் தொழிற்சாலையில் டெய்லராக இருக்கிறேன். டார்கெட் குறைந்தால் லைன் சூப்பர்வைசர் கெட்ட வார்த்தையில் திட்டுகிறார். மேலே கை வைக்கிறார். வெளிநாட்டு பையர் (எங்களிடம் துணி வாங்கும் கம்பெனி) சார்பில் ஆலையைச் சோதிக்க வரும் ஆடிட்டுக்கு முதல் நாளே என்ன பதில் சொல்லவேண்டும் என்று பாடம் நடத்திவிடுவார்கள். நோட்டீஸ் போர்டில் வெளிநாட்டு பையரின் புகார் எண் ஒட்டியிருக்கிறது. அதில் பேசலாமா, சங்கத்தில் சேரலாமா? சங்கம் என்றாலே வேலை போய்விடும் என்கிறார் அம்மா.
- பெயர் வேண்டாம், திண்டுக்கல் மாவட்டம்

பதில்: இரண்டும் வேண்டும் சகோதரி. ஆனால் முதலில் சங்கம், பிறகு எழுத்துப் புகார், கடைசியில்தான் பையரின் எண். இந்த வரிசையை மாற்றினால் மாட்டிக்கொள்வது நீங்கள்தான்.

பையரின் எண்ணுக்கு வரும் புகார், விளக்கம் கேட்டுப் பெரும்பாலும் உங்கள் நிர்வாகத்துக்கே திரும்பி வரும். பெயரை மறைத்திருப்பார்கள். ஆனால் 'மூன்றாவது லைன், செவ்வாய்க்கிழமை மதியம்' என்று இருந்தால் போதும், பேசியது யாரென்று சூப்பர்வைசருக்குத் தெரிந்துவிடும். அந்த நேரத்தில் உங்கள் கையில் தேதி போட்ட ஒரு காகிதமும் இருக்காது, பக்கத்தில் ஆளும் இருக்காது.

ஆடிட்டை நம்பி உட்காராதீர்கள். 2012 செப்டம்பரில் கராச்சியின் அலி எண்டர்பிரைசஸ் ஆலை எரிந்து 250-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அதற்குச் சில வாரங்கள் முன்புதான் அந்த ஆலைக்கு எஸ்.ஏ. 8000 என்ற, தொழிலாளர் நலனுக்கான சர்வதேசத் தரச் சான்றிதழ் கிடைத்திருந்தது! ஆடிட்டர் சில நாள் வந்து போகிறவர். பல இடங்களில் அவருக்குக் கட்டணம் கொடுப்பதே ஆலை முதலாளிதான். ஆலைக்குள்ளேயே உட்காரவைத்துக் கேட்டால் எந்தப் பெண் வாய் திறப்பாள்?

2013 ஏப்ரலில் டாக்கா அருகே ஆடை ஆலைகள் இருந்த ராணா பிளாசா கட்டடம் இடிந்து 1,134 பேர் இறந்த பிறகுதான் வேறு வழி பிறந்தது. வங்கதேச ஆலைகளின் தீ, கட்டடப் பாதுகாப்புக்காகத் தொழிற்சங்கங்களும் 200-க்கும் மேற்பட்ட ஆடை பிராண்டுகளும் கையெழுத்திட்ட 'அக்கார்டு' ஒப்பந்தம் சட்டப்படி கட்டுப்படுத்தக் கூடியது. பிராண்டு வாக்குத் தவறினால் சங்கம் நடுவர் மன்றத்துக்கு இழுக்கலாம். அப்படி இழுக்கப்பட்ட ஒரு பிராண்டு 2018-ல் 23 லட்சம் டாலர் தர ஒப்புக்கொண்டது. பிராண்டுகள் அச்சடித்துத் தரும் நன்னடத்தைப் புத்தகங்களால் இது ஆகியிருக்காது.

இதற்கு உங்கள் மாவட்டத்திலேயே முன்மாதிரி உண்டு. தலித் பெண்கள் முன்னின்று நடத்தும் தமிழ்நாடு டெக்ஸ்டைல் அண்ட் காமன் லேபர் யூனியன், 2022 ஏப்ரலில் பெண் தொழிலாளிகள் மீதான துன்புறுத்தலை ஒழிக்க ஈஸ்ட்மன் எக்ஸ்போர்ட்ஸ் நிறுவனத்துடன் 'திண்டுக்கல் ஒப்பந்தம்' போட்டது. ஆசிய அளவிலான தொழிலாளர் அமைப்பான ஆசியா ஃப்ளோர் வேஜ் கூட்டமைப்பும் துணை நின்றது. எச் அண்ட் எம், கேப், பி.வி.எச். பிராண்டுகளும் தனித்தனியாகக் கையெழுத்திட்டன. ஆலை ஒப்பந்தத்தை மீறினால், அந்த ஆலைக்குத் தரும் ஆர்டரில் பிராண்டு கைவைத்தே ஆகவேண்டும் என்பது அதன் ஏற்பாடு. துன்புறுத்தலைக் கவனித்துச் சொல்ல, சங்கம் பயிற்சி கொடுத்த தொழிலாளிகளே லைனில் நியமிக்கப்பட்டார்கள். கை வைப்பவன் எப்போது வைப்பான் என்று அவர்களுக்குத்தானே தெரியும்? உங்கள் ஆலை இந்த ஒப்பந்தத்துக்குள் வருகிறதா என்று அந்தச் சங்கத்திடமே கேளுங்கள். வந்தால் பாதி வேலை முடிந்தது.

வராவிட்டால், 2013-ஆம் ஆண்டின் பணியிடப் பாலியல் துன்புறுத்தல் தடுப்புச் சட்டம் இருக்கிறது. 10 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் உள்ளகப் புகார்க் குழு கட்டாயம். தலைவர் பெண்ணாகவும், உறுப்பினர்களில் பாதிப் பேராவது பெண்களாகவும் இருக்கவேண்டும். தொண்டு நிறுவனத்தைச் சேர்ந்தவரோ இந்த விஷயம் தெரிந்தவரோ ஒருவர் வெளியிலிருந்து வரவேண்டும். பல ஆலைகளில் குழு காகிதத்தில் மட்டும் இருக்கும். 'நீங்கள் உறுப்பினர்' என்றால் அந்தப் பெண்ணே திகைத்துப்போவார். அதனால் போர்டில் உள்ள பெயர்களைப் போட்டோ எடுத்து, வெளி உறுப்பினர் யாரென்று சங்கத்தின் மூலம் விசாரியுங்கள்.

புகாரைச் சம்பவம் நடந்து மூன்று மாதத்துக்குள் எழுத்தில் கொடுக்கவேண்டும். தொடர்ந்து நடப்பதென்றால் கடைசிச் சம்பவத்திலிருந்து கணக்கு. தகுந்த காரணம் இருந்தால் குழு மேலும் மூன்று மாதம் தரலாம். வாயால் சொல்லிவிட்டுக் காத்திருந்து கெடுவைத் தவறவிடுவதுதான் அடிக்கடி நடப்பது. தேதி, நேரம், லைன் எண், சொன்ன வார்த்தை (கூசாமல் அப்படியே எழுதுங்கள்), பார்த்தவர்கள் பெயர், எல்லாம் வேண்டும். ஆறு பிரதி கொடுப்பது விதி. ஏழாவதில் 'பெற்றுக்கொண்டேன்' என்று கையெழுத்து வாங்கி வீட்டில் வையுங்கள். விசாரணை 90 நாளில் முடியவேண்டும். அதுவரை உங்களுக்கோ சூப்பர்வைசருக்கோ இடமாற்றம், அல்லது மூன்று மாதம் வரை விடுப்பு கேட்கலாம். சமரசம் நீங்கள் கேட்டால் மட்டுமே. அதிலும் பணம் வாங்கி முடிக்கச் சட்டம் இடம் தரவில்லை. புகார் முதலாளி மீதே என்றால் மாவட்ட உள்ளூர் குழுவுக்குப் போகவேண்டும்.

இந்தப் பிரதி கைக்கு வந்த பிறகு பையரின் எண்ணில் பேசுங்கள். புகார் கொடுத்த தேதியைச் சொல்லி, நடவடிக்கை என்ன என்று கேளுங்கள். ஆலை ஹாஸ்டலில் இருந்தால் அங்குள்ள போனில் பேசவேண்டாம்.

அம்மாவின் பயம் வீண் பயமல்ல. வேலையை விட்டு அனுப்பும் வழக்கமான தந்திரம், வெள்ளைத் தாளில் கையெழுத்து வாங்கி 'நானாகவே விலகுகிறேன்' என்று எழுதிக்கொள்வது. எழுதாத தாளில் கையெழுத்துப் போடாதீர்கள். அடையாள அட்டை, சம்பளச் சீட்டு, ஈ.எஸ்.ஐ. எண் எல்லாவற்றையும் இன்றே போட்டோ எடுத்துத் தங்கைக்கோ அம்மாவுக்கோ அனுப்பிவிடுங்கள். சங்கத்துக்குத் தனியாகப் போகாமல், அதே சூப்பர்வைசரிடம் திட்டு வாங்கும் நான்கைந்து பேரையும் கூட்டிக்கொண்டு போங்கள்.