மாமல்லபுரத்தில் போனை நீட்டினால் பெயர் சொல்லுமா?

கேள்வி: அடுத்த மாதம் பிள்ளைகளை மாமல்லபுரம் கூட்டிப் போகிறோம். கேமராவை நீட்டினால் ‘இது இன்ன ரதம், இன்னார் காலத்தது’ என்று திரையிலேயே காட்டும் ஏஆர் ஆப்கள் இருப்பதாகச் சொல்கிறார்கள். எதைப் போட்டுக்கொள்வது? என்னிடம் இருப்பது 12,000 ரூபாய் ஆண்ட்ராய்டு போன்.
– ஒரு வாசகி, விழுப்புரம்

பதில்: புதிதாக எதையும் போட வேண்டாம். உங்கள் போனிலேயே கூகுள் லென்ஸ் இருக்கும். மாமல்லபுரத்துக்கு அதுதான் சரி.

இந்த ஆப்களில் இரண்டு ரகம் உண்டு. முதல் ரகம், நீங்கள் எங்கே நிற்கிறீர்கள், எந்தப் பக்கம் பார்க்கிறீர்கள் என்பதை வைத்துக் கணக்குப் போடும். இடத்தை ஜிபிஎஸ் சொல்லும், திசையைப் போனுக்குள் இருக்கும் திசைகாட்டி சொல்லும். கேமராவில் என்ன தெரிகிறது என்பது அதற்குத் தெரியவே தெரியாது. கேமராவை விரலால் மூடினாலும் பெயர்கள் மிதந்துகொண்டுதான் இருக்கும். 2008-ல் வந்த விக்கிட்யூட், 2009-ல் வந்த லேயார் எல்லாம் இப்படித் தொடங்கியவைதான்.

வெட்டவெளியில்கூட ஜிபிஎஸ் 5 மீட்டர் பிசகலாம். திசைகாட்டி 10 டிகிரி தவறினால், 500 மீட்டர் தள்ளி இருப்பதன் பெயர் கிட்டத்தட்ட 90 மீட்டர் விலகிப்போய் விழும். மலைகளுக்கு இது பெரிய குறையில்லை. ஊட்டி போகும்போது பீக்ஃபைண்டரைத் தாராளமாகப் பயன்படுத்துங்கள், சிக்னல் இல்லாவிட்டாலும் சிகரங்களின் பெயரைக் காட்டும். ஆனால் ஐந்து ரதங்களில் திரௌபதி ரதமும் அர்ச்சுன ரதமும் ஒரே பீடத்தின்மேல் அருகருகே நிற்கின்றன. அங்கே 5 மீட்டர் பிசகினால் திரௌபதி அர்ச்சுனனாகிவிடுவாள்.

லென்ஸ் இரண்டாவது ரகம். படத்தைப் பார்த்து, இணையத்திலுள்ள படங்களோடு ஒப்பிட்டுச் சொல்லும். அதனால் டேட்டா வேண்டும். கடற்கரைக் கோயில் மாதிரி ஊரே படமெடுத்த இடங்களை எளிதில் கண்டுபிடித்துவிடும். ரதங்களில்தான் சிக்கல்: ஒன்றைக் காட்டினால் ‘பஞ்ச ரதங்கள்’ என்று மொத்தப் பெயரோடு நிறுத்திக்கொள்ளலாம். கொஞ்சம் தள்ளி நின்று, கூரை முழுதும் தெரியும்படி எடுங்கள். வித்தியாசமே கூரையில்தான். திரௌபதிக்குக் குடிசைக் கூரை, பீமனுக்கு நீண்ட வண்டிக்கூண்டுக் கூரை, நகுல சகாதேவனுக்கு யானை முதுகு. ஒப்பிட்டுப் பார்க்க வசதியாகப் பக்கத்திலேயே ஒரு கல் யானையும் நிற்கிறது!

அர்ச்சுனன் தபசு முன்னால் முழுப் பாறையையும் காட்டினால் பெயர் வரும், அவ்வளவுதான். பின்னங்காலில் நின்று தவம் செய்யும் பூனையையும் அதைச் சுற்றியுள்ள எலிகளையும் பிள்ளைகளையே தேடிக் கண்டுபிடிக்கச் சொல்லுங்கள். பாறையில் தவம் செய்யும் மனிதர் அர்ச்சுனன் அல்ல, கங்கையைக் கொண்டுவந்த பகீரதன் என்று சொல்லும் அறிஞர்களும் உண்டு. லென்ஸின் ஒருவரிப் பதிலில் இதெல்லாம் வருமென்று எதிர்பார்க்க முடியாது, அதன் கீழே வரும் கட்டுரைகளில் ஒன்றைத் திறந்து படியுங்கள். தர்மராஜ ரதத்தில் உள்ள பல்லவ கிரந்தக் கல்வெட்டை லென்ஸில் மொழிபெயர்க்க முயன்று ஏதாவது பதில் வந்தால், நம்ப வேண்டாம்.

அப்புறம், கூகுள் மேப்ஸில் உள்ள லைவ் வியூ. அது தெருவில் நடந்து வழி கண்டுபிடிக்கத்தான், சிற்பத்துக்கு உதவாது. உங்கள் போனின் விலையில் கிடைக்கும் போன்கள் சிலவற்றில் திசைகாட்டியே இருக்காது. மேப்ஸைத் திறந்து பாருங்கள்: நீலப் புள்ளியிலிருந்து டார்ச் வெளிச்சம் மாதிரி ஒரு விரிவு தெரிந்தால் இருக்கிறது. அது ரொம்ப அகலமாக இருந்தால் போனைக் காற்றில் 8 போட்டு ஆட்டுங்கள், குறுகும். காந்தம் வைத்த கவரைக் கழற்றிவிடுங்கள்.

உச்சிவெயிலில் திரை சரியாகத் தெரியாது, பேட்டரியும் சீக்கிரம் இறங்கும். அதனால் அங்கே படம் மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். கூகுள் போட்டோஸில் அந்தப் படத்தைத் திறந்தாலும் லென்ஸ் பொத்தான் இருக்கும். சாயங்காலம் அறைக்குத் திரும்பியதும் வை-ஃபையில் நிதானமாகப் பார்க்கலாம்.