காத்திருக்க விடாத பாடகி

கேள்வி: டெய்லர் ஸ்விஃப்ட்டின் கடைசி அல்பமான ‘தி லைஃப் ஒஃப் எ ஷோகேர்ள்’ என்பதை மூன்று தரம் கேட்டுவிட்டேன். பாடல்கள் நன்றாகத்தான் இருக்கின்றன; ஆனால் முன்னையவை போல மனதில் இறங்கவில்லை. அவருக்குப் பாட்டு வற்றிவிட்டதா, அல்லது என் காதில்தான் பழுதா? கனடாவில் இருக்கும் சித்தி அதன் இசைத்தட்டை வாங்கி அனுப்பட்டுமா என்று கேட்கிறார். என்ன சொல்லட்டும்?
– அறிவியல் நகரில் பயிலும் வாசகி, கிளிநொச்சி

பதில்: ‘மூன்று தரம்’ என்று எழுதியிருக்கிறீர்களே, பிள்ளை, அந்த இடத்திலேயே என் பேனா நின்றுவிட்டது. தொண்ணூறுகளில், வன்னிக்குள் பற்றரி வருவதற்குத் தடை இருந்த காலத்தில், பாட்டுக் கேட்க ஆசைப்பட்ட வீடுகளில் சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, ஒருவர் பெடலைப் பிடித்துச் சுற்ற, டைனமோவிலிருந்து வந்த மின்னில் வானொலியோ கசெற்றோ பாடியது. சுற்றுபவருக்குக் கை சோர்ந்தால் பாடுபவருக்கும் குரல் சோர்ந்தது. சுசீலா மெல்ல மெல்ல சௌந்தரராஜனாகி, இருவரும் ஒரே குரலில் காதலித்து, இறுதியில் மூச்சடங்கும் தறுவாயில் யாராவது ஓடிவந்து பெடலைப் பிடித்துக்கொள்ள, சுசீலாவுக்கு மறுபடியும் உயிர் வரும். அப்படிக் கேட்ட ஒருவரிடம் ‘மூன்று தரம் கேட்டேன், இறங்கவில்லை’ என்று சொல்லியிருந்தால், மூன்றாவது தரமாவது நீ சுற்றினாயா என்று கேட்டிருப்பார். இதைச் சொல்வதால் நான் பொருளாதாரத் தடையைப் புகழ்கிறேன் என்று எவரும் கடிதம் எழுத வேண்டாம். அந்தத் தடை எங்களுக்குச் சங்கீத ரசனையைக் கற்பிக்கும் நோக்கத்தோடு போடப்பட்டதன்று.

இந்த இடத்தில் வவுனிக்குளத்து அன்பர் கதிரையை முன்னுக்கு இழுத்துப் போட்டுக்கொண்டு உட்காருவார் என்பதும் எனக்குத் தெரியும். பழைய வாசகர்களுக்கு அவரை அறிமுகப்படுத்தத் தேவையில்லை. இசைக்குத் திடீர் மரண விசாரணை அதிகாரியாகத் தம்மைத் தாமே நியமித்துக்கொண்டவர். இலங்கை வானொலியின் வர்த்தக சேவை மங்கியபோது இசை இறந்துவிட்டதாக ஒரு சான்றிதழ் அனுப்பினார். கசெற் போய் இறுவட்டு வந்தபோது இன்னொன்று. கைத்தொலைபேசியில் பாட்டு வந்தபோது மூன்றாவது. பிரேதம் ஒவ்வொரு தரமும் எழுந்து பாடிவிடுவதால் பாவம் அவருக்குத் திகதியைத் திருத்திக்கொண்டேயிருக்க வேண்டியிருக்கிறது. உங்கள் கேள்வியைத் தம் கட்சிக்கு ஆதாரமாக அவர் எடுத்துக்கொள்ள நான் விடமாட்டேன். நீங்கள் இசை இறந்துவிட்டதென்று சொல்லவில்லை. ஒரு பாடகியின் ஓர் அல்பம் இறங்கவில்லை என்றுதான் சொல்கிறீர்கள், அதற்குக் காரணமும் உண்டு.

கணக்கைப் பாருங்கள். 2006 இல் வெளியான முதல் அல்பத்திலிருந்து 2017 வரை, 11 ஆண்டுகளில், அவர் தந்தவை 6. ஏறத்தாழ இரண்டு ஆண்டுகளுக்கு ஒன்று என்ற அந்த ஒழுங்கில், பள்ளிக்கூடத்துப் பிள்ளையாக ஓர் அல்பத்தைக் கேட்டவர் அடுத்ததைக் கேட்கும்போது வேறோர் ஆளாக வளர்ந்திருந்தார், பாடகியும் அப்படியே. 2019 ஆகஸ்டிலிருந்து 2025 ஒக்ரோபர் வரை, 6 ஆண்டுகளுக்குச் சற்று மேற்பட்ட காலத்தில், புதியவை 6, மீளப் பாடிப் பதிந்த பழையவை 4. இவற்றுள் 2024 ஏப்ரலில் வந்தது நள்ளிரவில் 16 பாடல்களோடு இறங்கியது. கேட்பவர் கொட்டாவி விட்டு முடிப்பதற்குள், இரண்டு மணித்தியாலத்தின் பின், இன்னும் 15 பாடல்கள் வந்து சேர்ந்தன. பழைய அல்பங்களின் மூலப்பதிவுகள் தம் விருப்பத்துக்கு மாறாக விற்கப்பட்டதனால்தான் அவர் அவற்றை மீளப் பாடினார் என்பதும், 2025 மே மாதத்தில் அந்த மூலப்பதிவுகளைத் தாமே விலைகொடுத்து வாங்கிக்கொண்டார் என்பதும் உண்மை. அந்த வழக்கில் நான் முழுக்க அவர் பக்கம். ஆயினும் காதுக்கு வழக்கின் நியாயம் தெரியாது. போதாததற்கு, 2023 மார்ச்சிலிருந்து 2024 டிசம்பர் வரை 149 இரவுகள், மூன்று மணித்தியாலத்துக்கு மேலாக, தம் பழைய காலங்களை ஒவ்வொன்றாக மேடையேற்றி உலகைச் சுற்றினார். தம்முடைய இறந்தகாலத்தை இவ்வளவு உயிரோடு எல்லோர் கண்முன்னும் நிறுத்திவைத்த ஒருவரின் புதிய பாடல், அதனோடு போட்டியிட்டுத்தானே ஆக வேண்டும்?

நாங்கள் வாழ்வது காடும் காடு சார்ந்த இடமும். முல்லைக்குத் தொல்காப்பியர் வகுத்த உரிப்பொருள் இருத்தல். போனவன் கார்காலத்தில் வருவான் என்று ஆற்றியிருத்தல். டெய்லர் ஸ்விஃப்ட்டின் முன்னைய பாடல்களில் இந்த இருத்தல் இரு பக்கமும் இருந்தது: பாட்டுக்குள்ளே ஒரு பெண் கவனிக்கப்படாமல் காத்திருந்தாள், பாட்டுக்கு வெளியே கேட்பவர் அடுத்த அல்பத்துக்காகக் காத்திருந்தார். இப்போது இரண்டுமில்லை. 2025 ஒக்ரோபர் 3 ஆம் திகதி நியூயோர்க்கில் நள்ளிரவு கழிந்த அதே நிமிடத்தில், கிளிநொச்சியில் காலை 9.30 க்கு, அல்பம் உங்கள் கையில் இருந்தது. அதற்குமுன் நீங்கள் அவரை ஒரு மாதமாவது தேடியிருப்பீர்களா என்பதே என் கேள்வி.

இதற்கு எதிராகச் சொல்லக்கூடியது ஒன்று உண்டு, அதை நானே சொல்லிவிடுகிறேன். 2020 ஜூலையில் வந்த ‘ஃபோக்லோர்’ முந்தைய அல்பத்துக்கு 11 மாதங்கள் மட்டுமே பிந்தியது. ஒரு நாள் முன்னறிவித்தல்கூட இல்லாமல் வந்தது. என்றாலும் அவர் பாடியவற்றுள் பலருக்கு மிக ஆழமாக இறங்கியது அதுதான், எனக்கும் அதுதான். ஏனென்றால் அந்த ஆண்டு உலகமே வீட்டுக்குள் இருந்தது. மார்ச் 20 முதல் ஊரடங்கு, பூட்டிய பள்ளிக்கூடம், எப்போது திறக்குமென்று தெரியாத வீதி. பாடகி காத்திருக்க வைக்கத் தேவையிருக்கவில்லை; அந்த வேலையை நோய் செய்துவிட்டது. அவரும் மேடையில்லாமல், ஒளியில்லாமல், ஒலிப்பதிவுக்கூடத்தில் ஒன்றுசேராமலே, தூரத்திலிருந்த இசைக்கலைஞர் ஆரன் டெஸ்னர் அனுப்பிய மெட்டுகளுக்குத் தனியே சொல் தேடினார். கடைசி அல்பமோ, ஐரோப்பிய நிகழ்ச்சிகளுக்கிடையே கிடைத்த விடுமுறைகளில் சுவீடனுக்குப் பறந்துபோய், மாக்ஸ் மார்ட்டின், ஷெல்பாக் ஆகிய இசைத் தயாரிப்பாளர் இருவரோடும் செய்தது. இருவரும் மெட்டை எந்த இடத்தில் திருப்பினால் கூட்டம் எழும்பும் என்பதை அளந்து வைத்திருப்பவர்கள். 2014 இல் வந்த ‘1989’ அல்பத்தின் வெற்றி பெரும்பாலும் அவர்களோடு வந்தது. கைத்திறனில் குறை காண முடியாது. களைத்த மனிதர் விமானத்திலிருந்து இறங்கி வந்து செய்த வேலையில் களைப்பு மட்டும் தெரியவில்லை என்பதுதான் என் முறைப்பாடு.

அந்தக் களைப்பைத்தான் அவர் தருவதாகச் சொன்னார். மேடைத் திரைக்குப் பின்னால் நடந்ததைப் பாடியிருக்கிறேன் என்றார். முள்ளியவளையில் கோவலன் கூத்து விடிய விடிய நடந்து முடிந்தபின் ஒப்பனைக் கொட்டிலை எட்டிப் பார்த்தவர்களுக்குத் தெரியும்: கிரீடத்தைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு, முகத்து அரிதாரத்தைத் தேங்காயெண்ணெயால் வழித்தபடி, பாண்டிய மன்னர் பிளேன்ரீ கேட்டுக்கொண்டிருப்பார். அந்த மன்னரை நான் இந்த அல்பத்தில் தேடினேன். இறுதிப் பாடலில் அவருடைய நிழல் தெரிகிறது, அவ்வளவே.

சித்தியின் இசைத்தட்டுக்கு வருகிறேன். வாங்கப் போனால், எந்த அட்டை வேண்டும், எந்த நிறத் தட்டு வேண்டும் என்று அவரைத் திணறடித்துவிடுவார்கள். அதே 12 பாடல்கள் 30 க்கும் மேற்பட்ட வடிவங்களில் விற்கப்பட்டன. ஐக்கிய அமெரிக்காவில் முதல் வாரக் கணக்கு 40 இலட்சத்தைத் தாண்டியதும், 2015 இல் பாடகி அடெல் நிறுவிய சாதனை முறிந்ததும் இந்த ஏற்பாட்டின் உதவியோடுதான். ஒரே ஆள் நான்கு தரம் வாங்கினால் நான்கு பேர் கேட்டதாகாது என்பதை நம் ஊர்ச் சங்கக்கடை முகாமையாளர்கூடச் சொல்லுவார். உங்கள் விடுதியில் இசைத்தட்டைச் சுழற்றும் கருவி இருக்கிறதா என்றும் சித்தி விசாரிக்கவில்லைப் போலும். இல்லையென்றால் சைக்கிள் இருக்கிறது. பணத்தைப் பத்திரமாக வைத்திருக்கச் சொல்லுங்கள்.

இனி, இணையத்தில் சில ஆண்பிள்ளைகள் எழுதித் தள்ளுவது போல, 2025 ஆகஸ்டில் நிச்சயதார்த்த அறிவித்தல் வந்ததனால் பாட்டுப் போய்விட்டது, பெண் சந்தோசமானால் கலை செத்துவிடும் என்ற கதையை நான் ஏற்கவில்லை. பிரிவைப் பாடுவது இலகுவென்பது மெய். அகநானூற்றின் 400 பாடல்களில் 200 பாலை. எங்கள் முல்லைக்குக் கிடைத்தவை 40 தான். ஆனால் நிறைவைப் பாடவே முடியாது என்பவர் குறுந்தொகையின் 167 ஆம் பாடலைப் படிக்கட்டும். கூடலூர் கிழார் பாடியது, 6 அடிகள். தயிர் பிசைந்த விரலை உடுத்த சேலையில் துடைத்துவிட்டு, தாளித்த புகை மை தீட்டிய கண்ணில் நிறைய, தானே துழாவிச் சமைத்த புளிக்குழம்பைக் கணவன் ‘இனிது’ என்று உண்ண, அவள் முகம் நுண்ணிதாக மகிழ்ந்தது. அந்த ‘நுண்ணிதின்’ வருவதற்கு முன்னால் தயிரும் புகையும் வர வேண்டியிருந்தது.

இங்கே அவை வருவதற்கு அவகாசமில்லை. முதற் பாடலை எடுத்துக்கொள்ளுங்கள்: ஷேக்ஸ்பியரின் நாடகத்தில் ஆற்றில் மூழ்கி இறந்த ஒஃபீலியாவின் கதி தனக்கு நேராமல் காதலன் காப்பாற்றிவிட்டான் என்கிறார். மிக நல்ல கற்பனை. ஆனால் சேலை நனைவதற்குள் அவள் கரையில் நிற்கிறாள். நான்கு நிமிடங்கள்கூட ஆகவில்லை. பிறகு வீடும் பிள்ளைகளும் வேண்டுமென்ற ஆசைப் பட்டியல் ஒன்று வருகிறது, பகைவர்களுக்குக் கணக்குத் தீர்ப்பது வருகிறது. அதே ஆகஸ்டில், காதலர் நடத்தும் ஒலிபரப்பில் உட்கார்ந்து, மாவைப் புளிக்க வைத்துப் பாண் சுடுவது தம் வாழ்க்கையையே பிடித்துக்கொண்டுவிட்டது என்று அவர் சிரித்துச் சிரித்துச் சொன்னார். அந்தப் பாணின் மணம் 12 பாடல்களில் ஒன்றிலும் எனக்கு அடிக்கவில்லை.