நகையை அடகு வைக்க வேண்டாம், அண்ணே

அண்ணே, நேற்று நீங்களும் அண்ணியும் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு பாம்பனிலிருந்து வந்தபோது, "பயப்படாதீங்க, நல்லா வருவா" என்று சொல்லி அனுப்பினேன். ராத்திரி யோசித்துப் பார்த்தால் அது வெறும் சமாதானம்தான். அதனால் இப்போது நேராகவே எழுதுகிறேன்.

மச்சான் சொல்கிற அந்தச் சென்னை இன்ஜினியரிங் சீட் வேண்டாம். மீன்பிடித் தடைக்காலம் 61 நாளும் விசைப்படகு கரையில் கிடக்கிறது, பங்குப் பணம் கிடையாது, இந்த நேரத்தில் அண்ணியின் நகையை வைத்து முதல் வருட ஃபீஸ் கட்டிவிட்டால் இரண்டாம் வருடத்துக்கு எதை வைப்பீர்கள்? மச்சானா கட்டப் போகிறார்? சொந்தத்தில் ஒரு இன்ஜினியர் என்று சொல்லிக்கொள்ள அவருக்கு ஆசை, அவ்வளவுதான்.

பிள்ளை என்ன செய்து வைத்திருக்கிறாள் என்று பார்த்தீர்களா? வணிகவியல் பிரிவுத் தோழியிடம் பதினொன்றாம் வகுப்பு கணினிப் பயன்பாடுகள் புத்தகத்தை வாங்கிப் படித்து, மீன் விலைக்கு ஒரு வலைப்பக்கம் போட்டிருக்கிறாள். உங்கள் போனில் திறந்தால் விலையைப் பார்க்கப் பக்கவாட்டில் இழுத்துக்கொண்டே போக வேண்டியிருக்கிறது. காரணம், ஊரில் ஒரு கம்ப்யூட்டர் சென்டரில் டெமோ வகுப்பில் சொன்னார்களாம்: பக்கம் முழுவதையும் ஒரு டேபிளுக்குள், அதாவது அட்டவணைக்குள் போடு, மேல் வரிசையில் பெயர், இடது கட்டத்தில் மெனு, வலது கட்டத்தில் படம். தொண்ணூறுகளில் எல்லோரும் அப்படித்தான் செய்தார்கள், அன்று வேறு வழியும் இல்லை. பக்கத்தின் அமைப்பையும் அழகையும் தனியாக எழுதிவைக்கிற சி.எஸ்.எஸ். என்ற ஸ்டைல் ஷீட் மொழி 1996 டிசம்பரிலேயே வந்துவிட்டாலும் பிரவுசர்கள் அதை ஒழுங்காகப் புரிந்துகொள்ளப் பல வருடம் ஆனது. இப்போது அந்தச் சாக்கு செல்லாது, 2017-இல் கிரிட் என்ற, பக்கத்தைக் கட்டம் கட்டமாகப் பிரிக்கும் சி.எஸ்.எஸ். வசதி முக்கியமான பிரவுசர்கள் எல்லாவற்றிலும் வந்துவிட்டது. இதைக் கற்றுக்கொடுக்க அந்த சென்டர் 35,000 கேட்கிறது. ஒரு ரூபாய்கூடக் கட்டாதீர்கள்.

டேபிளே கூடாது என்று அர்த்தமில்லை. சீலா, பாறை, நண்டு என்று கீழே இறங்கி, சைஸ், கிலோ விலை என்று பக்கத்தில் போகிற பட்டியலுக்கு டேபிள்தான் சரி. கண் தெரியாத ஒருவர் திரையில் இருப்பதைப் படித்துச் சொல்லும் என்.வி.டி.ஏ. மாதிரி திரைவாசிப்பான் வைத்துக் கேட்டால், எந்த விலை எந்த மீனுக்கு என்று தலைப்போடு சொல்லும். மெனுவையும் படத்தையும் அதே மாதிரி கட்டத்தில் அடைத்தால் கேட்கிறவருக்குத் தலை சுற்றிவிடும். நான் இதைச் சொன்னதும், விலைப்பட்டியலை மட்டும் டேபிளாக விட்டு மற்றதையெல்லாம் ஸ்டைல் ஷீட்டுக்கு மாற்றினாள். இருபது நிமிஷம். அண்ணி டீ குடிக்கக் கூப்பிட்டது அவள் காதில் விழவே இல்லை. அண்ணே, மார்க்‌ஷீட்டைவிட இதைத்தான் நான் பார்ப்பேன்.

யாரும் கண்டுகொள்ளாத ஒரு வேலை இருக்கிறது: மின்னஞ்சல் வடிவமைப்பு. வங்கியிலிருந்து, துணிக்கடையிலிருந்து படமும் பட்டனுமாக மெயில் வருகிறதே, அதை ஒருவர் உட்கார்ந்து எழுதுகிறார். விண்டோஸில் 2007 முதல் வந்த அவுட்லுக் என்ற மெயில் மென்பொருள், மெயிலைக் காட்ட வேர்ட் மென்பொருளின் எஞ்சினைப் பயன்படுத்தியது. அதற்கு நவீன சி.எஸ்.எஸ். பாதி புரியாது. அதனால் வலைப்பக்கத்தில் நாம் துரத்திவிட்ட டேபிள் மெயிலுக்குள் இன்னும் குடியிருக்கிறது. 600 பிக்சல் அகலம், டேபிளுக்குள் டேபிள், ஸ்டைலை ஒவ்வொரு கட்டத்திலும் நேரடியாக எழுதுவது, திரைவாசிப்பான் குழம்பாமலிருக்க ஒவ்வொரு டேபிளிலும் 'ரோல்' என்ற இடத்தில் 'பிரசென்டேஷன்' என்று குறிப்பது, அப்புறம் ஜிமெயிலிலும் அவுட்லுக்கிலும் போனிலும் தனித்தனியாக அனுப்பிச் சோதிப்பது. அலுப்புப் பிடித்த வேலை, பலர் தொடவே மாட்டார்கள். இவளுக்கு அந்தப் பொறுமை இருக்கிறது. ஆனால் புதிய அவுட்லுக் அந்தப் பழைய எஞ்சினை விட்டுவிட்டது, ஆகவே இதை மட்டுமே நம்பி இருக்கக் கூடாது. ஸ்டைல் ஷீட் முதலில், இது கூடவே.

டிகிரிக்கு ராமநாதபுரத்திலேயே அரசுக் கல்லூரி போதும். ஆறாம் வகுப்பிலிருந்து அரசுப் பள்ளி என்பதால் புதுமைப்பெண் திட்டத்தில் மாதம் 1000 ரூபாய் அவள் கணக்குக்கே வரும். செலவு என்றால் ஒரு பழைய லேப்டாப், அதுவும் படகு இறங்கி இரண்டு மாதம் கழித்து வாங்கினால் போதும். வீட்டிலிருந்தே சம்பாதிப்பாள் என்று நான் வாக்குக் கொடுக்க மாட்டேன், முதல் வேலைக்கு மதுரையோ சென்னையோ போக வேண்டி வரலாம், அதற்கு அண்ணி இப்போதே மனதைத் தயார் செய்துகொள்ளட்டும்.

அடுத்த வாரம் பிள்ளையைத் தனியாக அனுப்புங்கள், ஒரு மெயில் எழுதச் சொல்லிப் பார்க்கிறேன். மச்சான் கூப்பிட்டால் என் நம்பரைக் கொடுங்கள், நான் பேசிக்கொள்கிறேன்.