தெரிந்தவர் யாராவது பார்த்துவிட்டால்?

ராணிப்பேட்டைக்கு அருகிலிருந்து ஒரு சகோதரி எழுதியிருக்கிறார். தோல் தொழிற்சாலையில் வேலை செய்யும் அவருடைய தம்பிக்கு வயது 38. பத்தாண்டுகளாகத் தினமும் குடிப்பவர். மஞ்சள் காமாலை வந்து போன பிறகு, ‘ஏ.ஏ. கூட்டத்துக்குப் போகிறேன், ஆனால் தெரிந்தவர் யாராவது பார்த்துவிட்டால் என்ன செய்வது?’ என்கிறாராம். (ஏ.ஏ. என்பது ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ்; குடியிலிருந்து மீள ஒருவருக்கொருவர் உதவிக்கொள்ளும் குடிநோயாளிகளின் அமைப்பு.) கூட்டம் நடக்கும் இடத்தை எப்படித் தேடுவது, தானும் உடன் போகலாமா, அது கிறிஸ்தவர்களுக்கான கூட்டமா என்று கேட்கிறார்.

கூட்டத்தைத் தேடுமுன் மருத்துவரைப் பாருங்கள். தினமும் குடித்துப் பழகிய உடல், திடீரென்று நிறுத்தும்போது சில மணி நேரத்திலேயே கை நடுக்கத்தையும் வியர்வையையும் காட்டும். முதல் இரண்டு நாள்களுக்குள் வலிப்பு வரலாம். இரண்டாம், மூன்றாம் நாளில் சிலர் ஆளையும் இடத்தையும் அறியாமல், சுவரில் பூச்சி ஊர்வதாகச் சொல்லும் நிலைக்குப் போவார்கள். இது உயிரையே பறிக்கக்கூடியது என்பதால், நிறுத்த வைப்பதற்காக அவரை வீட்டுக்குள் பூட்டி வைக்காதீர்கள். அடுக்கம்பாறையிலுள்ள வேலூர் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கோ, பாகாயத்திலுள்ள சி.எம்.சி. மனநல மையத்துக்கோ அழைத்துச் செல்லுங்கள். சாப்பாட்டில் கலந்து கொடுத்தால் குடியை மறக்கடிக்கும் என்று விற்கப்படும் மருந்துகளை, அவருக்குத் தெரியாமல் கொடுப்பதை எந்தக் காரணத்துக்காகவும் செய்ய வேண்டாம்.

கூட்டம் எங்கே என்பதை அறிய எளிய வழி, அந்த மருத்துவமனையிலேயே மனநல சமூகப் பணியாளரிடம் கேட்பதுதான். எந்தக் கூட்டம் இன்னும் ஒழுங்காக நடக்கிறது, எதில் தமிழில் பேசுகிறார்கள் என்பதைச் சிகிச்சை முடிந்து அங்கே போய்வருபவர்கள் வழியாக அவர்கள் அறிந்திருப்பார்கள். ஏ.ஏ. அமைப்பின் இந்திய இணையதளத்திலும் ஊர்வாரியாகத் தேடலாம். போதை மீட்புக்கான தேசிய உதவி எண் 14446. மனநல ஆலோசனைக்கு 14416. இடமும் நேரமும் மாறக்கூடியவை என்பதால், புறப்படும் முன் ஏ.ஏ. குழுவிடம் தொலைபேசியில் ஒருமுறை உறுதிப்படுத்திக்கொள்ளுங்கள். அப்படிப் பேசும்போதே, முதல் நாள் வாசலில் நின்று அழைத்துச் செல்ல ஓர் உறுப்பினரை அனுப்ப முடியுமா என்றும் கேளுங்கள்; இதை மிக முக்கியமாகச் சொல்கிறேன். என்னிடம் வந்த ஒருவர், கூட்டம் நடந்த கட்டடத்துக்கு எதிரிலிருந்த டீக்கடையில் மூன்று வாரம் உட்கார்ந்து விட்டுத் திரும்பிப் போயிருக்கிறார். நான்காம் வாரம் உள்ளேயிருந்து ஒருவர் வந்து, ‘அண்ணே, டீ ஆறிப்போச்சு, உள்ளே வாங்க’ என்று அழைத்த பிறகே அவரால் சாலையைக் கடக்க முடிந்தது.

தம்பியின் அச்சத்தைச் சிறிதாக நினைக்காதீர்கள். வேலூர், ஆற்காடு, ராணிப்பேட்டை எல்லாம் ஒருவருக்கொருவர் முகம் தெரிந்த ஊர்கள். ஆனால் அந்த அறையில் தெரிந்தவர் ஒருவர் இருந்தால், அவரும் பெரும்பாலும் அதே நோய்க்காகத்தான் அங்கே வந்திருப்பார். முழுப் பெயர், வேலை, முகவரி எதையும் கேட்பதில்லை. அங்கே கேட்டதை வெளியே பேசக்கூடாது என்பது அவர்களுடைய கண்டிப்பான வழக்கம். அப்போதும் மனம் ஒப்பவில்லை என்றால், முதல் சில வாரங்கள் பக்கத்து ஊர்க் கூட்டத்துக்குப் போகட்டும். இணையவழிக் கூட்டங்களும் உண்டு. என் அனுபவத்தில், நேரில் போகும் கூட்டமே நிலைத்த பலன் தருகிறது.

1935இல் அமெரிக்காவின் ஆக்ரன் நகரில், குடியிலிருந்து விடுபடத் தவித்த இருவர் ஒருவரையொருவர் தாங்கிக்கொண்டதில் தொடங்கியது ஏ.ஏ. சேர்வதற்கு ஒரே தகுதி, குடியை நிறுத்த வேண்டும் என்ற விருப்பம். கட்டணம் இல்லை, முடிந்தவர்கள் உண்டியலில் ஏதேனும் போடுவார்கள். ஒவ்வொருவராக, ‘நான் ஒரு குடிநோயாளி’ என்று சொல்லித் தம் கதையைப் பேசுவார்கள். புதியவர் பேசாமல் உட்கார்ந்து கேட்கலாம். தேவாலய வளாகத்திலோ பள்ளி அறையிலோ கூட்டம் நடந்தாலும் அது எந்த மதத்தையும் சார்ந்ததன்று. அவர்களுடைய 12 படிகளில் வரும் கடவுளை அவரவர் உணர்ந்தபடி எடுத்துக்கொள்ளலாம் என்றே சொல்கிறார்கள். முருகனைக் கும்பிடுபவரும் தொழுகைக்குச் செல்பவரும் அருகருகே உட்கார்ந்திருப்பதைப் பார்க்கலாம்.

இது வெறும் ஆறுதல் பேச்சுதானே என்று உறவினர்கள் கேட்டால், மருத்துவ ஆய்வுகளைத் திரட்டி மதிப்பிடும் கோக்ரேன் அமைப்பு, 27 ஆய்வுகளைத் தொகுத்து 2020இல் வெளியிட்ட மதிப்பாய்வைச் சொல்லுங்கள். ஏ.ஏ.வில் தொடர்ந்து பங்கேற்க வழிகாட்டும் முறையான சிகிச்சை, குடிக்காமலே இருப்பதற்கு மற்ற சில சிகிச்சை முறைகளைவிட அதிகம் உதவுகிறது என்று அது கண்டது. ஒரே ஒரு கூட்டத்தை வைத்துப் பிடிக்கவில்லை என்று முடிவு செய்யாமல், குறைந்தது ஆறு முறையாவது போகச் சொல்லுங்கள். மதுக்கடை திறந்திருக்கும் மாலை நேரத்தில் கூட்டம் நடந்தால் மிகவும் நல்லது. வேலை முடிந்து கால் தானாகக் கடைப்பக்கம் திரும்பும் அந்த ஒன்றரை மணி நேரத்துக்குப் போக வேறோர் இடம் கிடைக்கிறது. இடையில் ஒருநாள் குடித்துவிட்டாலும், அடுத்த கூட்டத்துக்குப் போவதை விட்டுவிட வேண்டாம். அதைச் சொன்னால் அங்கே யாரும் துரத்த மாட்டார்கள்.

நீங்கள் உடன் போகலாமா என்று கேட்டீர்கள். திறந்த கூட்டங்களில் குடும்பத்தாரும் உட்காரலாம். மூடிய கூட்டம் குடிநோயாளிகளுக்கு மட்டுமே. எது எந்த வகை என்பதையும் தொலைபேசியிலேயே கேட்டுக்கொள்ளுங்கள். குடும்பத்தாருக்கென்றே அல்-அனான் என்ற தனி அமைப்பு 1951 முதல் இருக்கிறது. பத்தாண்டுகளாக அவருடைய கடனை அடைத்து, முதலாளியிடம் அவருக்காகப் பொய் சொல்லி, இரவெல்லாம் வாசலைப் பார்த்து விழித்திருந்தவர் நீங்கள். தம்பி வந்தாலும் வராவிட்டாலும், அந்தக் கூட்டத்துக்கு நீங்கள் இந்த வாரமே போகலாம்.