பில்லும் ரிசீட்டும் ஒண்டில்ல: கந்தோர்ச் சொல்லுகள் பற்றிக் கேட்டதும் என்ர பதிலும்

கந்தோர் வேலையில வாற சொல்லுகள் விளங்காட்டி கேளுங்கோ எண்டு போன கிழமை சொன்னன், இவ்வளவு பேர் கேப்பீங்கள் எண்டு நினைக்கேல்ல. என்னைப் பற்றி ரெண்டு வரி: திருகோணமலை டவுனில ஒரு ஹார்ட்வெயார் கடை, பிறகு நிலாவெளிப் பக்கம் ஒரு ஹோட்டல், ரெண்டிலயும் சேர்த்து 22 வருஷமா கணக்குப் பகுதிதான். எல்லாத்துக்கும் ஒரே நீளத்தில பதில் எழுத ஏலாது, காசு கைவிட்டுப் போற இடங்களில கொஞ்சம் கூட எழுதியிருக்கிறன்.

கேள்வி (உப்புவெளி, ஹோட்டல் ரிசெப்ஷன்): அக்கா, நான் வேலைக்குச் சேர்ந்து ரெண்டு மாசம். கொட்டேஷன், புரோஃபோர்மா, இன்வொய்ஸ், ரிசீட் நாலும் பாக்க ஒரே மாதிரித்தான் இருக்கு. மனேஜர் ஒண்டைக் கேட்டா நான் இன்னொண்டை அடிச்சுக் குடுத்துப் பேச்சு வாங்கிறன்.

பதில்: தங்கச்சி, நாலையும் நாள் வரிசையில வைச்சுப் பாருங்கோ, குழப்பம் போயிடும். வேலை தொடங்க முதல் "இவ்வளவு வரும்" எண்டு சொல்லுறது கொட்டேஷன். அதில எந்தத் திகதி வரைக்கும் அந்த விலை செல்லும் எண்டு கட்டாயம் இருக்கோணும், இல்லாட்டி சீசன் இல்லாத நேரம் சொன்ன ரேட்டை ஓகஸ்டில கொண்டுவந்து நீட்டுவினம். எஸ்டிமேட் எண்டால் குத்துமதிப்பு, கூடிக் குறையும். கொட்டேஷனை ஆள் ஓம் எண்டு எடுத்துப்போட்டால் அந்த விலையிலதான் நிக்கோணும். அடுத்தது புரோஃபோர்மா, பில் மாதிரியே இருக்கும், ஆனா அதால ஒருத்தரும் கடனாளியாக மாட்டினம், அட்வான்ஸ் கேக்கவும் பாங்கில காட்டவும் குடுக்கிறது. சாமான் குடுத்த பிறகு அல்லது ஆள் தங்கின பிறகு "இப்ப நீங்கள் இவ்வளவு தரோணும்" எண்டு குடுக்கிறதுதான் இன்வொய்ஸ், நாங்கள் பில் எண்டுறது. காசு கைக்கு வந்த பிறகு "தந்திட்டீங்கள்" எண்டு குடுக்கிறது ரிசீட்.

இந்தக் கடைசி ரெண்டையும் மாறி எழுதி என்ன நடக்கும் எண்டதை நான் கண்ணால கண்டனான். ஹார்ட்வெயார் கடையில இருக்கேக்க ஒரு கட்டட வேலைக்காரர் 200 பாக் சீமெந்தும் கம்பியும் எடுத்தவை. அவையின்ர ஸ்டோர்ஸ் ஆள் வந்து, "அக்கா, ரிசீட் ஒண்டு போட்டுத் தாங்கோ, அது இருந்தாத்தான் மேல செக் எழுதுவினம்" எண்டார். நானும் நம்பி, புத்தகத்துக்கு நடுவில கார்பன் வைச்சு, தொகையை எழுதி, சீலும் குத்திக் குடுத்திட்டன். மூண்டு மாசம் கழிச்சு காசு கேக்கப் போனால் அந்த ரிசீட்டையே எடுத்துக் காட்டுகினம், காசு குடுத்தாச்சு எண்டு. என்ர கையில மிஞ்சினது நீலக் கார்பன் கொப்பி மட்டும், அதில "நன்றியுடன் பெற்றுக்கொண்டோம்" எண்டு அச்சடிச்ச வரி, அதுக்குக் கீழ என்ர கையெழுத்து. முதலாளி ஏழு மாசம் அலைஞ்சு பாதிக்குக் கொஞ்சம் கூட எடுத்தார், மிச்சம் போனது போனதுதான். அதுக்குப் பிறகு யார் கேட்டாலும் இன்வொய்ஸும், சாமான் கிடைச்சது எண்டு அவை சைன் வைச்ச டெலிவரி நோட்டும்தான் குடுப்பன். செக் கையில வந்தால் ரிசீட்டில செக் நம்பரை எழுதி, "காசோலை பணமானால் மட்டுமே செல்லும்" எண்டு ஒரு வரி போடுவன். நீங்களும் போடுங்கோ.

கேள்வி (மூதூர்): பிள்ளை, நான் ஹோட்டல்களுக்கு சட்டித் தயிர் குடுக்கிற. 30 நாள் கிரெடிட் எண்டாங்க, சரி எண்டுட்டன். இப்ப கிரெடிட் நோட் போட்டுத் தாங்க எண்டு கேக்காங்க. கடன் குடுத்தது நான், நான் எதுக்கு நோட்டுக் குடுக்கணும்?

பதில்: நானா, நல்ல கேள்வி, ஏனெண்டால் கிரெடிட் எண்ட ஒரு சொல்லு மூண்டு இடத்தில மூண்டு வேலை செய்யுது. கடையில கிரெடிட் எண்டால் கடன், பிறகு தாறது. பாங்க் மெசேஜில கிரெடிட் எண்டு வந்தால் உங்கட கணக்குக்குக் காசு வந்திருக்கு, டெபிட் எண்டால் போயிருக்கு. எங்கட பழைய கணக்குக் கொப்பியில வரவு, பற்று எண்டு எழுதினதுதான் அது. கிரெடிட் நோட் எண்டது மூண்டாவது: நீங்கள் குடுத்த பில்லில ஒரு தொகையைக் குறைச்சு விடுற துண்டு.

உங்கட கதையில இப்பிடி நடந்திருக்கும். 60 சட்டி அனுப்பினீங்கள், 60க்கும் பில் போட்டீங்கள், வழியில 8 சட்டி உடைஞ்சிட்டுது. பில்லை வெட்டித் திருத்தக் கூடாது, வெட்டின பில்லை எந்தக் கணக்காளரும் எடுக்கமாட்டார். அதால பில் 60க்கே நிக்கும், 8 சட்டிக்குத் தனிய ஒரு கிரெடிட் நோட், அதில அந்தப் பில் நம்பர், அவை 52க்குக் காசு தருவினம். ஆனா நானா, அந்த 8 உண்மையா உடைஞ்சதோ எண்டதுக்கு அத்தாட்சி டெலிவரி நோட்தான். சட்டி இறக்கின இடத்திலயே எண்ணி, "8 உடைவு" எண்டு எழுதி, ரெண்டு பக்கமும் சைன். ரெண்டு நாள் கழிச்சு போனில சொல்லுற உடைவை ஏற்காதீங்கோ.

இன்னும் ரெண்டு விசயத்தை வாய்விட்டுக் கேட்டு வையுங்கோ. 30 நாள் எந்த நாளில இருந்து, பில் திகதியில இருந்தா, மாச முடிவில இருந்தா? இது தெரியாமல் 30 நாள் 60 நாளாப் போன ஆக்கள் கனபேர். மற்றது, விக்காத தயிர் திரும்பி வருமோ? வரும் எண்டால் அது சேல் ஓர் ரிட்டர்ன், நட்டம் முழுக்க உங்கட தலையில, அதுக்கு விலையும் வேற சொல்லோணும்.

கேள்வி (தம்பலகாமம்): அக்கா, டெண்டருக்கும் கொட்டேஷனுக்கும் என்ன வித்தியாசம்?

பதில்: தம்பி, ரெண்டும் விலை சொல்லுறதுதான். சின்ன வேலை எண்டால் மூண்டு நாலு இடத்தில கொட்டேஷன் எடுத்துப் பாப்பினம். பெரிய வேலைக்கு விளம்பரம் போட்டு, மூடின கவரில வாங்கி, சொன்ன நேரத்தில எல்லாருக்கும் முன்னால உடைக்கிறது டெண்டர். மூடுற நேரம் பின்னேரம் 2 மணி எண்டால் 2.05க்கு வந்த கவர் உடைபடாமலே திரும்பும். முதல் நாளே கொண்டுபோய்ப் போடுங்கோ.

கேள்வி (கிண்ணியா, முதல் வேலை): அப்பொயின்ட்மென்ட் லெட்டர் வந்திருக்கு. பேசிக், கிராஸ், நெட், புரொபேஷன், ஈபிஎஃப், ஈடிஎஃப் எண்டு கிடக்கு. 50,000 எண்டு சொல்லிப்போட்டு 46,000 தாறாங்க, ஏமாத்துறாங்களா?

பதில்: இல்ல தம்பி, அந்தக் கணக்கு சரிதான். பேசிக் எண்டது அடிப்படைச் சம்பளம், கிராஸ் எண்டது வெட்டுக்கு முதல், நெட் எண்டது கைக்கு வாறது. 50,000 முழுக்க பேசிக் எண்டால் உங்களிட்ட வெட்டுற ஈபிஎஃப் 8 வீதம், 4,000 ரூபா. முதலாளி தன்ர காசில 12 வீதம் போடோணும், 6,000. ரெண்டும் சேர்ந்து மாசம் 10,000 ரூபா உங்கட பேரில ஏறும். ஈபிஎஃப் எண்டதைத் தமிழில ஊழியர் சேமலாப நிதி எண்டுவினம், 1958 இல வந்த சட்டம், காசை வைச்சிருக்கிறது மத்திய வங்கி. ஈடிஎஃப் எண்டது ஊழியர் நம்பிக்கை நிதி, 3 வீதம், 1,500, அது முழுக்க முதலாளியின்ர பங்கு. சில இடங்களில அந்த 3 வீதத்தையும் பிள்ளையளின்ர சம்பளத்திலயே வெட்டினதை நான் சம்பளத் துண்டில பாத்திருக்கிறன், எனக்கு வயிறு எரிஞ்சது. உங்கட துண்டில ஈடிஎஃப் எண்டு வெட்டுப் பக்கம் கிடந்தால் அது பிழை, நேர போய்க் கேளுங்கோ, சரிவராட்டி தொழில் திணைக்களத்தில சொல்லலாம்.

புரொபேஷன் எண்டால் தகுதிகாண் காலம், உங்களைப் பாத்து முடிவெடுக்கிற மாசங்கள். "புரொபேஷன் முடியத்தான் ஈபிஎஃப்" எண்டு சொன்னால் நம்பாதீங்கோ, முதல் மாசத்தில இருந்தே கட்டோணும். லெட்டரில பேசிக் எவ்வளவு, அலவன்ஸ், அதாவது பேசிக்குக்கு மேல தாற கொடுப்பனவு, எவ்வளவு எண்டு பிரிச்சுப் போட்டிருக்கோ எண்டும் பாருங்கோ. பேசிக்கைச் சின்னதாப் போட்டு மிச்சத்தை அலவன்ஸ் எண்டு நிரப்பினால் மாசா மாசம் கைக்கு வாறது குறையாது, ஆனா ஓவர்டைமும் ஈபிஎஃப்பும் பிறகு வேலையை விட்டுப் போகேக்க தாற பணிக்கொடையும் சுருங்கிப் போகும்.

லீவும் கேட்டிருந்தீங்கள். கடை, கந்தோர் ஊழியர் சட்டத்தின்படி முதல் வருஷம் ரெண்டு மாசத்துக்கு ஒரு கஷுவல் லீவு (திடீர்த் தேவைக்கு எடுக்கிறது), அடுத்த வருஷத்தில இருந்து 7. வருடாந்த லீவு முழுசா 14 நாள், ஆனா ரெண்டாவது வருஷத்தில எவ்வளவு எண்டது நீங்கள் சேர்ந்த மாசத்தைப் பொறுத்தது: மார்ச்சுக்குள்ள சேர்ந்தால் 14, ஜூனுக்குள்ள 10, செப்டெம்பருக்குள்ள 7, அதுக்குப் பிறகு 4. நோ பே எண்டால் லீவு முடிஞ்சு போய் சம்பளம் வெட்டி எடுக்கிற லீவு.

கேள்வி (டவுன்): ஈமெயிலில சிசி, பிசிசி?

பதில்: ரெண்டும் அதே மெயிலின்ர கொப்பியை இன்னொரு ஆளுக்கும் அனுப்புறதுதான். சிசியில போட்ட ஆளை எல்லாருக்கும் தெரியும், பிசிசியில போட்ட ஆளை மற்றவைக்குத் தெரியாது. கனபேருக்கு ஒரே விலைப்பட்டியல் அனுப்பேக்க பிசிசி, இல்லாட்டி உங்கட கஸ்டமர் லிஸ்ட் முழுக்க எல்லாற்ற கையிலயும் போகும்.

கேள்வி (நிலாவெளி, புக்கிங் பார்க்கிற தம்பி): அக்கா, வெளிநாட்டுக்காரருக்கு "ப்ளீஸ் ரிவேர்ட்" எண்டு எழுதினால் விளங்காதாமே?

பதில்: ஓம் தம்பி. எங்கட பக்கம் ரிவேர்ட் எண்டால் பதில் போடுங்கோ. அவையளுக்கு அது பழைய நிலைக்குத் திரும்புறது. "ரிப்ளை" எண்டே எழுதுங்கோ, ஒரு குறையும் இல்ல. "டூ த நீட்ஃபுல்" (வேண்டியதைச் செய்யுங்கோ) எண்டும் எழுதாதீங்கோ, என்ன செய்யோணுமோ அதைச் சொல்லுங்கோ: அட்வான்ஸ் அனுப்புங்கோ, பாஸ்போட் கொப்பி அனுப்புங்கோ.

அதைவிடப் பெரிய விசயம் திகதி. நாங்கள் 04/08 எண்டு எழுதினால் ஓகஸ்ட் 4. அமெரிக்காக்காரர் எழுதினால் அது ஏப்ரல் 8. நான் இருந்த ஹோட்டலில ஒரு குடும்பம் ஏப்ரலில பெட்டி படுக்கையோட வந்து நிண்டுது, எங்கட புத்தகத்தில ஓகஸ்டில அறை வைச்சிருக்கிறம். அண்டைக்கு இரவு அந்தச் சின்னப் பிள்ளை லொபி சோஃபாவில சப்பாத்தோடயே நித்திரையாப் போனது இண்டைக்கும் நினைவிருக்கு. மாசத்தை எப்பவும் எழுத்தில எழுதுங்கோ.

கேள்வி (சீனக்குடா): நகரசபையில இருந்து தமிழில கடிதம் வந்திருக்கு, ஒரு சொல்லும் விளங்கேல்ல.

பதில்: அண்ணா, நீங்கள் அனுப்பின சொல்லுகளுக்கு எங்கட வாயில வாறதைச் சொல்லுறன். கேள்விமனு எண்டால் டெண்டர். கொள்வனவுக் கட்டளை எண்டால் பேர்ச்சஸ் ஓர்டர், அது கையில வராமல் ஒரு சாமானும் இறக்காதீங்கோ. முற்பணம் அட்வான்ஸ், நிலுவை எண்டது இன்னும் கட்டாமல் கிடக்கிற காசு, பற்றுச்சீட்டு ரிசீட். பெறுமதி சேர் வரி எண்டது வற், 2024 ஜனவரியில இருந்து 18 வீதம். நீங்கள் வற்றுக்குப் பதிஞ்ச ஆள் இல்லையெண்டால் உங்கட பில்லில வற் எண்டு ஒரு வரி போடக்கூடாது.

கேள்வி (அலஸ்தோட்டம்): அக்கா, வீட்டில இருந்து ஹோட்டல்களுக்கு கட்டில் விரிப்பு, தலையணை உறை தைச்சுக் குடுக்கிறன். காசு கேக்க வெக்கமா இருக்கு, கேட்டால் அடுத்த ஓர்டர் வராதோ எண்டு பயமாவும் இருக்கு. எப்பிடிக் கேக்கிறது?

பதில்: தங்கச்சி, தைச்ச கையின்ர கூலியைக் கேக்க வெக்கம் வேண்டாம். கந்தோர்க்காரர் இதுக்கு ரிமைண்டர் எண்டு பேர் வைச்சிருக்கினம், மாசம் பத்து அனுப்புவினம், ஒருத்தரும் கோவிக்கிறேல்ல. "அண்ணா, எங்கட அந்தக் காசு…" எண்டு இழுத்தால்தான் ஆள் தட்டிக் கழிக்கிறது. பில் நம்பர், திகதி, தொகை, தவணை நாலும் இருந்தால் அது உடன கணக்குப் பகுதிக்குப் போயிடும். உங்கட பில்லை வைச்சே எழுதித் தாறன், இதை அப்பிடியே வாட்ஸப்பில போடுங்கோ:

"வணக்கம் ஐயா. மே 6ஆம் திகதி குடுத்த இன்வொய்ஸ் இலக்கம் 47, தொகை 38,500 ரூபா. 30 நாள் தவணை ஜூன் 5ஆம் திகதியோட முடிஞ்சுது. எந்தத் திகதிக்குக் கிடைக்கும் எண்டு சொன்னால் உதவியா இருக்கும். ஏற்கனவே போட்டிருந்தால் பாங்க் ஸ்லிப்பை அனுப்பி விடுங்கோ. நன்றி."

திங்கட்கிழமை காலமை 10 மணி போல அனுப்புங்கோ, வெள்ளி பின்னேரம் போட்டால் அது கீழ போயிடும். ஒரு கிழமையில பதில் இல்லாட்டி அதே மெசேஜைத் திருப்பிப் போட்டு, போனும் எடுங்கோ. ஸ்லிப் வந்தாலும் உங்கட கணக்கில காசு ஏறினதைப் பாத்த பிறகுதான் ரிசீட் எழுதோணும்.