டே க்ரீம் போட்டும் முகம் கறுப்பது ஏன்?

கேள்வி: எஸ்.பி.எஃப். 30 டே க்ரீம் தினமும் பூசியும், ஸ்கூட்டரில் போய்வந்தால் முகம் கறுக்கிறது. க்ரீம் போலியா?

பதில்: முதலில் அளவைப் பாருங்கள். எஸ்.பி.எஃப். என்பது வெயில் காப்பின் அளவு; அந்த 30, தோலில் சதுர செ.மீ.க்கு 2 மில்லிகிராம் பூசிச் சோதித்த எண். முகத்துக்கும் கழுத்துக்கும் ஆள்காட்டி விரல், நடுவிரல் இரண்டின் நீளத்துக்கும் பிதுக்கினால்தான் அந்தக் கணக்குக்குக் கிட்டே வரும். பட்டாணி அளவு தொட்டுக்கொள்வது சும்மா மணத்துக்குத்தான். எஸ்.பி.எஃப். பெரும்பாலும் யூ.வி.பி. என்ற புற ஊதாக் கதிருக்கு எதிரான காப்பைத்தான் சொல்லும், கறுப்பில் யூ.வி.ஏ. என்ற இன்னொரு புற ஊதாக் கதிருக்கும் பங்குண்டு, அதனால் அட்டையில் யூ.வி.ஏ. காப்பைக் குறிக்கும் ‘பி.ஏ.+++’ தேடுங்கள். மாய்ஸ்சரைசர் காயும் முன் பூசித் தேய்த்தால் திரிதிரியாக உருண்டு வந்துவிடும். ஐந்து நிமிடம் பொறுங்கள். கிளம்புவதற்கு 15 நிமிடம் முன் பூசுங்கள். மாலை வெயிலில் திரும்புவதென்றால், வியர்வையை ஒற்றியெடுத்துவிட்டு மறுபடி பூச வேண்டும்.