என்ஜோன்ஜோ காத்தது எதை?

கேள்வி: சுதந்திர கென்யாவின் முதல் அட்டர்னி ஜெனரலான சார்லஸ் என்ஜோன்ஜோ, அரசியல் சாசனத்தைக் காத்த வழக்கறிஞர் என்றும், அமைச்சரான பிறகு அநியாயமாக வீழ்த்தப்பட்டவர் என்றும் படித்தேன். தங்கள் மதிப்பீடு என்ன? – வாசகர், திருச்சி

பதில்: முதல் பாதியில் உண்மை இருக்கிறது. அதிபர் இறந்தால் துணை அதிபர் 90 நாட்களுக்குப் பொறுப்பு வகிப்பார் என்ற சாசன விதியை மாற்றி, கலென்ஜின் இனத்தவரான துணை அதிபர் டேனியல் அராப் மோய் ஆட்சிக்கு வராமல் தடுக்க வேண்டும் என்று 1976இல் அதிபர் ஜோமோ கென்யாட்டாவின் கிகுயு இனத்துத் தலைவர்கள் பலர் கூட்டம் கூட்டிப் பேசினார்கள். தாமும் கிகுயுவாக இருந்தும் என்ஜோன்ஜோ அவர்களுக்கு உடன்படவில்லை. 1978 ஆகஸ்ட் 22 அன்று கென்யாட்டா இறந்தபோது, சாசனம் சொன்னபடியே மோய் பொறுப்பேற்றார். அதற்குரிய பெருமையை என்ஜோன்ஜோவுக்குக் கொடுத்துவிட வேண்டியதுதான்.

ஆனால் அவர் அந்தப் பேச்சை எப்படி அடக்கினார் என்பதையும் பாருங்கள். அதிபரின் மரணத்தைக் கற்பனை செய்வதும் எண்ணுவதும்கூட மரண தண்டனைக்குரிய குற்றம் என்று 1976 அக்டோபரில் அறிக்கை விட்டார். சாசனத் திருத்தம் வேண்டும் என்பது தவறான கோரிக்கையாகவே இருக்கட்டும். அதற்கு வாதத்தால் பதில் சொல்ல வல்லவர், லண்டனில் சட்டம் பயின்று வந்தவர், தூக்குக் கயிற்றைக் காட்டினார். அவர் விதியைக் காத்தார். விதியைப் பற்றிக் குடிமக்கள் விவாதிக்கும் உரிமையைக் காக்கவில்லை.

இது ஒருநாள் சறுக்கல் அன்று. ஏறத்தாழ 16 ஆண்டுகள் அவர் அரசின் தலைமைச் சட்ட ஆலோசகராக இருந்தார். ஆளுங்கட்சியை விட்டு விலகிய முன்னாள் துணை அதிபர் ஓகிங்கா ஒடிங்காவுடன் கட்சி மாறிய நாடாளுமன்ற உறுப்பினர்கள் மீண்டும் தேர்தலைச் சந்திக்க வேண்டும் என்ற திருத்தம் 1966இல் அவசர அவசரமாக நிறைவேறியதும், விசாரணையின்றிச் சிறையில் அடைக்கும் அதிகாரம் அதே ஆண்டில் அரசின் கைக்கு வந்ததும், 1969இல் ஒடிங்காவின் கட்சி தடை செய்யப்பட்டதும் அந்த ஆண்டுகளில்தான். 1980இல் கிகுயு தொகுதியிலிருந்து போட்டியின்றி நாடாளுமன்றத்துக்கு வந்து அமைச்சரானார். 1982 ஜூனில் ஒரே கட்சிதான் இருக்கலாம் என்ற 2ஏ பிரிவு சாசனத்தில் நுழைந்தபோது, அரசியல் சாசன விவகாரங்களுக்குப் பொறுப்பான அமைச்சர் அவரே. காத்தவர் என்ற பட்டம் அவருக்குப் பொருந்தாது என்று நான் சொல்வதற்கு இதற்கு மேல் சான்று வேண்டியதில்லை.

இனி அவருடைய வீழ்ச்சி. 1983இல் அரசுக்குள் ஒரு துரோகி இருக்கிறார் என்ற பேச்சை மோயே கிளப்பினார் என்பதும், அதன் பின்னே அதிகாரப் போட்டி இருந்தது என்பதும் உண்மை. ஆயினும், நீதிபதி சிசில் மில்லர் தலைமையிலான ஆணையத்தின் முன் அவர் வழக்கறிஞர்களோடு அமர்ந்தார். குற்றச்சாட்டுகள் வெளிப்படையாக வாசிக்கப்பட்டன. சாட்சிகள் குறுக்கு விசாரணை செய்யப்பட்டார்கள். பல குற்றச்சாட்டுகளை ஆணையம் ஏற்றுக்கொண்ட பிறகும், 1984 டிசம்பரில் மோய் அவரை மன்னித்தார். 1998இல் வனவிலங்குத் துறையின் தலைவர் பதவியும் அவருக்குக் கொடுத்தார். இதோடு ஒப்பிட்டுப் பாருங்கள்: என்ஜோன்ஜோ அட்டர்னி ஜெனரலாக இருந்தபோது, 1977 டிசம்பர் இறுதியில், எழுத்தாளர் கூகி வா தியாங்கோ கைது செய்யப்பட்டு, ஏறத்தாழ ஓராண்டு காமிட்டி சிறையில் வைக்கப்பட்டார். அவர்மீது குற்றச்சாட்டு எதுவும் பதிவாகவில்லை. எந்த நீதிமன்றமும் அவரை விசாரிக்கவில்லை.